மூன்று ஏரிகளில் ஒடுங்கிய மீன்: அட்லாண்டிக் வைட்ஃபிஷ் – ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது நோவா ஸ்கோஷியா மாகாணம். அதன் தென்கரையில், பிரிட்ஜ்வாட்டர் என்ற சிறு நகரத்துக்கு அருகே, மினம்கீக், மிலிப்சிகேட், ஹெப் என்று மூன்று ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வடியும்படி அமைந்திருக்கின்றன. மூன்றின் பரப்பையும் கூட்டினால் சுமார் 16 சதுர கிலோமீட்டர்தான். அட்லாண்டிக் வைட்ஃபிஷ் என்ற மீனினம் இன்று உலகத்தில் இயற்கையாக முட்டையிட்டுப் பெருகும் இடம் இது மட்டுமே.

இந்த மீனை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1970-இலேயே இதைப் பிடிக்கத் தடை வந்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களை மதிப்பிடும் கனடாவின் அறிவியல் குழு, 1984-இல் இதை ஆபத்தான நிலையில் இருப்பதாக அறிவித்தது. அந்த நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் மீன்களில் இதுவும் ஒன்று. 2003-இல், புதிதாக வந்த அழிநிலை உயிரினச் சட்டத்தின் பட்டியலிலும் இடம் பெற்றது. சட்டம் இருந்தது, ஆய்வாளர்கள் இருந்தார்கள், மீட்புக் குழு இருந்தது, உள்ளூர் மக்களின் ஆதரவும் இருந்தது. இத்தனைக்கும் பிறகு, இந்த மீன் 1984-இல் இருந்ததைவிட மோசமான நிலையில்தான் இன்று இருக்கிறது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கிறேன்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணைகள் வந்தன, அமில மழை வந்தது, வேட்டை மீன்கள் வந்தன. இவை எல்லாமே உண்மையான காரணங்கள். ஆனால் கையில் மீனும் வளர்ப்பகமும் இருந்த காலத்தில், இந்த இனம் தானாகப் பெருகக்கூடிய இரண்டாவது நீர்நிலை ஒன்றை உருவாக்கி முடிக்காமல் விட்டதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. மற்றக் காரணங்கள் பலவும் ஆய்வாளர்களின் கையை மீறியவை. இது அப்படியல்ல.

மீனைப் பற்றிக் கொஞ்சம்

அட்லாண்டிக் வைட்ஃபிஷ் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. கடைகளில் வெள்ளைச் சதையுள்ள கடல் மீன்களை எல்லாம் பொதுவாக ஒயிட் ஃபிஷ் என்று விற்பார்கள். அவற்றுக்கும் இதற்கும் உறவில்லை. வெள்ளி மின்னும் பக்கங்கள், கருநீலமோ கரும்பச்சையோ படர்ந்த முதுகு, பிளவுபட்ட வால், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சால்மன் வகைகளுக்கே உரிய சின்னஞ்சிறு கொழுப்புத் துடுப்பு. இதே மாகாணத்தில் ஏரி வைட்ஃபிஷ் என்ற இன்னொரு இனமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வாயைப் பார்க்க வேண்டும். ஏரி வைட்ஃபிஷுக்கு வாய் மூக்கின் அடியில் தாழ்ந்திருக்கும். அட்லாண்டிக் வைட்ஃபிஷுக்கு முகத்தின் நுனியிலேயே இருக்கும், உள்ளே சிறு பற்களும் இருக்கும். செதில் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு.

அறிவியல் உலகம் இதைத் தனி இனமாக அங்கீகரிக்கவே வெகுகாலம் ஆனது. மீனியல் அறிஞர் டபிள்யூ. பி. ஸ்காட் 1967-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயர் முன்பே வேறொரு மீனுக்கு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்ததால் 1987-இல் மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது வந்ததுதான் கோரெகோனஸ் ஹண்ட்ஸ்மனி. கனடாவின் மீன்வள ஆய்வு முன்னோடி ஏ. ஜி. ஹண்ட்ஸ்மனை நினைவுகூரும் பெயர் அது. 1920களின் இறுதியில் மீன் துண்டுகளை விரைவாக உறையவைத்துப் பொட்டலமாக விற்கும் முறையை மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸில் சோதித்துக் காட்டியவரும் அவரே.

மரபணு ஆய்வுகள் வந்த பிறகுதான் இந்த மீனின் உண்மையான மதிப்பு புரிந்தது. வட அரைக்கோளம் முழுக்கப் பரவியிருக்கும் கோரெகோனஸ் பேரினத்தில், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே தனியாகப் பிரிந்த கிளை இது. ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள மற்ற வைட்ஃபிஷ்கள் தங்களுக்குள் நெருங்கிய உறவுகள். ஓர் ஏரியின் மீன் அழிந்தால் அதன் பங்காளிகள் பக்கத்து நாட்டிலாவது இருப்பார்கள். இதற்கு அப்படி யாரும் இல்லை. பனியுகத்தில் நோவா ஸ்கோஷியா முழுவதும் பனிப்பாறையின் அடியில் கிடந்தபோது, அட்லாண்டிக் கரையோரம் எங்கோ ஒதுங்கி இது பிழைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

இயல்பில் இது கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன். இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து ஆற்றில் ஏறி, குளிர்காலம் தொடங்கும்போது முட்டையிட்டு, வசந்தத்தில் கடலுக்குத் திரும்பும். கடலுக்குப் போய்வந்த டஸ்கெட் ஆற்று மீன்கள் 50 சென்டிமீட்டர் வரை வளர்ந்தன. ஏரிகளுக்குள் அடைபட்ட மீன்கள் பெரும்பாலும் 20 முதல் 25 சென்டிமீட்டரோடு நின்றுவிடுகின்றன. ஒரே இனம்தான்; கடல் தரும் தீனி கிடைத்தால் இருமடங்கு நீளம் வளர்கிறது. மீட்பு என்று பேசும்போதெல்லாம் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏரியில் உயிரோடு இருக்கும் மீன், அதன் முழு வாழ்க்கையை வாழவில்லை.

டஸ்கெட்டில் நடந்தது

மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், யார்மவுத் பகுதியில் ஓடுகிறது டஸ்கெட் ஆறு. அதற்குப் பக்கத்தில் ஆனிஸ் என்ற சிறிய ஆறு. இந்த இரண்டிலும் அட்லாண்டிக் வைட்ஃபிஷ் ஒருகாலத்தில் பருவம் தவறாமல் ஏறியது. கரையோரக் கடலிலும் அவ்வப்போது சிக்கியது; ஃபண்டி விரிகுடாவின் ஹால்ஸ் ஹார்பரில் 1958-இல் கிடைத்த ஒரு மீன் பதிவாகியிருக்கிறது.

1929-இல் டஸ்கெட் ஃபால்ஸில் நீர்மின் அணை எழுந்தது. மேலே ஏறும் மீன்களுக்காக மீன் ஏணிகள் கட்டினார்கள். படிப்படியான தொட்டிகளில் நீர் வழிய, மீன் ஒவ்வொன்றாகத் தாவி ஏறும் ஏற்பாடு. காகிதத்தில் நல்ல தீர்வுதான். நடைமுறையில் இரண்டு தொல்லைகள். ஏறும் மீன்கள் எல்லாம் ஒரு குறுகிய இடத்தில் வந்து கூடுவதால், திருட்டுத்தனமாக வலை போடுகிறவர்களுக்கு வேலை எளிதாகிவிட்டது. ஏறிப்போய் முட்டையிட்ட மீன் வசந்தத்தில் இறங்கி வரும்போது அதற்கு ஏணி பயன்படவில்லை. நீரோட்டத்தோடு போய் டர்பைனுக்குள் விழுந்தது. சால்மன் வகைகளில் பல முட்டையிட்டதும் இறந்துவிடும். வைட்ஃபிஷ் அப்படியல்ல, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப முட்டையிட வேண்டிய மீன். அதனால் இறங்கும் வழியில் வளர்ந்த மீன்கள் சாவது, ஏறும் வழியில் சில மீன்கள் தடைபடுவதைவிடப் பெரிய இழப்பு.

வசந்தத்தில் காஸ்பெரோ என்ற மீன் கூட்டமாக ஆறுகளில் ஏறும்போது உள்ளூர்க்காரர்கள் வலைபோட்டு அள்ளுவது அந்தப் பகுதியின் பழைய தொழில். அந்த வலைகளிலும் வைட்ஃபிஷ் சேர்ந்து வந்தது.

அப்புறம் அமில மழை. வட அமெரிக்கத் தொழிற்பகுதிகளின் ஆலைகளிலிருந்தும் அனல்மின் நிலையங்களிலிருந்தும் கிளம்பிய கந்தகம், காற்றில் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து நோவா ஸ்கோஷியாவில் மழையாக இறங்கியது. மாகாணத்தின் தெற்குப் பகுதி கருங்கல்லும் பலகைக்கல்லும் நிறைந்த பூமி. மண்ணில் சுண்ணாம்பு குறைவு. அமிலம் வந்து விழுந்தால் அதை முறிக்க எதுவும் இல்லை. அந்த வட்டாரத்தில் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 4.7-க்கும் கீழே இறங்கிய 14 ஆறுகளில் அட்லாண்டிக் சால்மன் 1980களுக்குள் இல்லாமலே போனது. டஸ்கெட்டின் கிளைகளும் அமிலம் ஏறிய ஆறுகள்தான். மீன் முட்டையும், பொரித்துச் சில வாரங்களே ஆன குஞ்சும் அமிலத்தை வளர்ந்த மீன் அளவுக்குத் தாங்காது. வைட்ஃபிஷ் குஞ்சு பொரிப்பது வசந்தத்தில்; பனி உருகி, குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த அமிலம் ஒரேயடியாக ஆற்றில் இறங்குவதும் அதே பருவத்தில்.

டஸ்கெட்டில் இந்த மீன் உறுதியாகக் காணப்பட்டது 1982-இல் கடைசி. அதாவது 1984-இல் இதை ஆபத்தான இனம் என்று அறிவித்தபோதே, கடலுக்குப் போய்வரும் பெரிய கூட்டம் கைவிட்டுப் போயிருந்தது. பிடிக்கத் தடை போட்டது 1970. தூண்டிலையும் வலையையும் சட்டம் தடுக்கலாம். அணையையும் மழையையும் அந்தத் தடை எட்டவே இல்லை. ஆபத்தின் பட்டியலில் எளிதாகத் தடுக்கக்கூடியதை மட்டும் தடுத்துவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவது எல்லா நாட்டு அரசுகளுக்கும் உள்ள பழக்கம். அதன் விலையை டஸ்கெட் கொடுத்தது.

பெட்டீட் ரிவியேர் ஏன் தப்பியது

மீதமிருந்தது பெட்டீட் ரிவியேர். நான் மேலே சொன்ன மூன்று ஏரிகளும் இந்தச் சிறிய ஆற்றின் தலைப்பகுதியில் உள்ளவை.

இது தப்பியதற்குத் திட்டமிட்ட பாதுகாப்பு காரணமில்லை. இங்கே மண் கொஞ்சம் வேறு. பனிப்பாறைகள் விட்டுச்சென்ற வண்டல் மேடுகள் இந்த வட்டாரத்தில் அதிகம். அவை அமிலத்தை ஓரளவு முறித்ததால் ஏரி நீர் டஸ்கெட் அளவுக்குக் கெடவில்லை. அடுத்தது, ஹெப் ஏரிதான் பிரிட்ஜ்வாட்டர் நகரத்தின் குடிநீர் ஆதாரம். குடிநீருக்காக நீர்ப்பிடிப்புப் பகுதியில் போட்ட கட்டுப்பாடுகள் கரையை வீடுகளிலிருந்தும் மரவெட்டிலிருந்தும் ஓரளவு காத்தன. மீன் குடிநீரின் நிழலில் பிழைத்தது என்றே சொல்லலாம்.

இந்த மீன் இன்று வாழும் மூன்றில் ஒன்றான மினம்கீக் ஏரி, முதலில் இந்த ஆற்றைச் சேர்ந்ததே இல்லை. அது மெட்வே ஆற்றுக்கு வடிந்துகொண்டிருந்தது. 1903 வாக்கில் அதன் நீரைப் பெட்டீட் ரிவியேர் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தப் புதிய வழியாக வைட்ஃபிஷ் மேலே ஏறிக் குடியேறியிருக்க வேண்டும். இந்த ஒரு தகவல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தகுந்த குளிர்ந்த ஏரி ஒன்று கிடைத்தால் இந்த மீன் அதில் நிலைத்துவிடும் என்பதற்கு, யாரும் திட்டமிடாமலே கிடைத்த சான்று அது.

ஆனால் அணைகள் இங்கேயும் இருந்தன. ஹெப் ஏரியின் வாயில் இருந்த அணையைக் கடந்து கீழே போன மீன் மேலே திரும்ப வழியில்லை. அணைக்கு மேலே இருந்தவை ஏரிக்குள்ளேயே பிறந்து ஏரிக்குள்ளேயே முட்டையிட்டு, தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்க்காத கூட்டமாக மாறின. எண்ணிக்கை சுருங்கியதால் மரபணு வேறுபாடும் மிகக் குறைந்துவிட்டது.

மெர்சி வளர்ப்பகம்: 12 ஆண்டுகள்

இந்த நிகழ்வில் நம்பிக்கையான பகுதி இதுதான். என்னை அதிகம் வருத்துவதும் இதுதான்.

2000-இல் மத்திய மீன்வளத் துறை, மெர்சி ஆற்றங்கரையில் இருந்த தன் உயிரினப் பெருக்க நிலையத்துக்கு ஏரிகளிலிருந்து மீன்களைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கியது. அதுவரை இந்த இனத்தைப் பற்றி எழுதப்பட்டிருந்ததெல்லாம் சில பக்கங்களில் அடங்கிவிடும். எப்போது சினை பிடிக்கும், எந்த வெப்பநிலையில் முட்டையிடும், குஞ்சு முதலில் என்ன தின்னும் என்று எதுவும் உறுதியாகத் தெரியாது. நிலையத்துக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். வளர்ப்புத் தொட்டியில் மீன்களை முட்டையிடச் செய்தார்கள். குஞ்சுகளை வளர்த்து, அவற்றையும் அடுத்த தலைமுறை முட்டையிடும் வரை கொண்டுவந்தார்கள். தலைமுறைகளாக ஏரியில் அடைபட்ட கூட்டத்தின் பிள்ளைகள் உப்பு நீரைத் தாங்குகின்றனவா என்று சோதித்தார்கள், தாங்கின. கடலுக்குப் போகும் திறன் அந்த மீனுக்குள் அப்படியே இருக்கிறது என்று இதனால் தெரிந்தது.

2005 முதல் 2008 வரை, ஹாலிஃபாக்ஸுக்கு எதிர்க்கரையில் உள்ள டார்ட்மவுத்தின் ஆண்டர்சன் ஏரியில், வளர்ப்பகத்தில் பிறந்த மீன்களை விட்டார்கள். இரண்டாவது இருப்பிடத்துக்கான முதல் முயற்சி. அங்கே தானாகப் பெருகும் கூட்டம் உருவாகவில்லை.

ஒரு முயற்சி பலிக்காதது இயல்பானது. எந்த ஏரியிலும் முதல் தடவையே மீன் நிலைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. முட்டையிடச் சரியான, கல் நிறைந்த அடித்தரை அங்கே இல்லையா, விட்ட மீன்களின் வயது சரியில்லையா, ஏரியின் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிட்டனவா என்று ஆராய்ந்து, வேறு இரண்டு மூன்று ஏரிகளில் முயன்றிருக்க வேண்டும். அதற்குத் தேவையான மீன் வளர்ப்பகத்தில் ஆண்டுதோறும் பிறந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 2012-இல் வளர்ப்புப் பணியே முடிவுக்கு வந்தது. மத்திய அரசின் செலவுக் குறைப்பில் மெர்சி நிலையமும் மூடப்பட்டது.

பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காத குடும்பங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மெர்சியில் இருந்தது இந்த இனத்தின் விதைநெல். ஏரிகளில் மீன் இருக்கிறதே, வளர்ப்பகம் எதற்கு என்ற கணக்கில் அதை விட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கு ஓராண்டு கூடத் தாங்கவில்லை.

2013

2012-இல் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஹெப் ஏரி அணையில் மீன் ஏறுபாதை கட்டி முடிக்கப்பட்டது. ஏறக்குறைய நூறாண்டுக்குப் பிறகு, அட்லாண்டிக் வைட்ஃபிஷ் கடலுக்குப் போய்த் திரும்ப வழி திறந்தது. மீட்புக் குழு பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஏற்பாடு இது.

மறு ஆண்டே, இந்த ஏரிகளில் செயின் பிக்கரல் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

செயின் பிக்கரல் என்பது பைக் குடும்பத்து வேட்டை மீன். நீண்ட உடல், வாத்தின் அலகு மாதிரி தட்டையான முகவாய், அதில் வரிசையாக ஊசிப் பற்கள். நீர்த்தாவரங்களுக்குள் அசையாமல் நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து கவ்வும். மீன், தவளை, நண்டு, பாம்பு என்று வாயில் அடங்கியதை எல்லாம் தின்னும். அமில நீரையும் தாங்கும். நோவா ஸ்கோஷியாவுக்கு இது சொந்த மீனில்லை. 1945 வாக்கில் யாரோ சட்டவிரோதமாகக் கொண்டுவந்து விட்டது. அதற்குச் சற்று முன்பே, 1942-இல் ஸ்மால்மவுத் பாஸ் என்ற இன்னொரு வேட்டை மீன் இந்த மாகாணத்துக்குள் கொண்டுவரப்பட்டது. தூண்டில் பிடிப்பவர்களுக்கு இரண்டுமே பிடித்தமானவை. தூண்டிலில் மாட்டினால் நன்றாகப் போராடும். அதனால் ஒரு ஏரியில் பிடித்ததை உயிரோடு வாளியில் எடுத்துப்போய், வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் விட்டுவிடும் பழக்கம் பரவியது. உயிர்மீனை ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு மாற்றுவது சட்டப்படி குற்றம். ஆனால் ஆயிரக்கணக்கான ஏரிகள் உள்ள ஊரில், ஒரு மனிதன் இரவில் ஒரு வாளியோடு வருவதைத் தடுக்க எந்தக் காவலும் போதாது.

பெட்டீட் ரிவியேர் ஏரிகளில் ஸ்மால்மவுத் பாஸ் பிக்கரலுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. பிக்கரலும் சேர்ந்தபின் நிலைமை மாறியது. பிக்கரல் புகுந்த நோவா ஸ்கோஷிய ஏரிகளைப் புகாத ஏரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். புகுந்தவற்றில் சிறு மீனினங்கள் குறைந்தோ மறைந்தோ போயிருந்தன. ஹெப், மிலிப்சிகேட் ஏரிகளிலும் அதுவே நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வைட்ஃபிஷுக்கு இன்னும் ஒரு பாதகம் உண்டு. கோடையில் ஏரியின் மேல்நீர் சூடானதும் அது ஆழமான குளிர்ந்த நீருக்கு இறங்கிவிடும். அங்கே பிக்கரல் குறைவு. ஆனால் வசந்தத்தில் பொரிக்கும் குஞ்சுகள் கரையோரம் மேற்பரப்பில்தான் திரியும். பாஸும் பிக்கரலும் பசியோடு காத்திருக்கும் இடமும் அதுவே. வளர்ந்த மீன் தப்பினாலும் அடுத்த தலைமுறை தப்பாது.

லோமண்டில் செய்தது

இதே சிக்கல் ஸ்காட்லாந்தில் வந்தபோது என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கே வைட்ஃபிஷ் இனம் ஒன்றுக்குப் பவன் என்று பெயர். ஸ்காட்லாந்தில் அது இயற்கையாக இருந்தது லோமண்ட், எக் என்ற இரண்டு ஏரிகளில் மட்டும். 1982-இல் லோமண்ட் ஏரியில் ரஃப் என்ற அயல் மீன் காணப்பட்டது. பைக் மீன் பிடிக்க வருகிறவர்கள் உயிர்த்தூண்டில் இரையாகக் கொண்டுவந்து மிச்சத்தைக் கொட்டியதில் வந்தது என்று கருதுகிறார்கள். ரஃப் பெருகி, பவன் முட்டைகளைப் பெருமளவில் தின்னத் தொடங்கியது.

அப்போது லோமண்டில் பவன் ஏராளமாகவே இருந்தது. ஆனாலும் காத்திருக்கவில்லை. 1988 முதல் 1991 வரை, லோமண்ட் பவனைச் சற்று மேலே உள்ள ஸ்லாய் நீர்த்தேக்கத்துக்கும், கேரன் வேலி நீர்த்தேக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். இரண்டிலும் அது நிலைத்துப் பெருகியது. மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் கட்டிய மனிதத் தேக்கங்கள் அவை. மீனுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

இங்கிலாந்தின் பாசன்த்வெய்ட் ஏரியிலும் ஒரு பாடம் உண்டு. அங்கிருந்த வெண்டேஸ் என்ற இன்னொரு வைட்ஃபிஷ் 2001-க்குப் பிறகு காணாமல் போனது. 2013-இல் ஒன்று தென்படும் வரை அழிந்ததாகவே எண்ணினார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1990களின் இறுதியில், அதன் சந்ததியை ஸ்காட்லாந்தின் ஸ்கீன் ஏரிக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அங்கே அது நன்றாகப் பெருகிவிட்டது. சொந்த ஏரி கைவிட்டபோதும் அந்த வழித்தோன்றல் அழியவில்லை.

நோவா ஸ்கோஷியாவில் திறமையோ அக்கறையோ குறைவாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. மெர்சியில் செய்த வளர்ப்பு வேலை ஸ்காட்லாந்துக்காரர்கள் செய்ததைவிடக் கடினமானது. வேறுபாடு காலத்தில்தான். அங்கே எதிரி மீன் வந்த பத்து ஆண்டுகளுக்குள் வேலை முடிந்தது. இங்கே எதிரி மீன் வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை, பாதியில் நின்றது.

2018-க்குப் பிறகு

கைவிடாதவர்களும் இருந்தார்கள். தென்கரையில் இயங்கும் கோஸ்டல் ஆக்‌ஷன் என்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு, ஏரிகளில் பாஸையும் பிக்கரலையும் குறைக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. படகிலிருந்து நீரில் மின்சாரம் பாய்ச்சினால் மீன்கள் சற்று நேரம் மயங்கி மேலே வரும். வேட்டை மீன்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றவற்றை விட்டுவிடுவார்கள். மின்சாரம் எட்டுவது ஆழமில்லாத கரையோரத்தில் மட்டும்தான். பிக்கரல் முட்டையிட வருவதும் அங்கேதான் என்பதால், வசந்தத்தில் இந்த வேலைக்கு நல்ல பலன் கிடைக்கும். முழுவதையும் ஒழிக்க முடியாது என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். குஞ்சுகளுக்குக் கொஞ்சம் இடைவெளி வாங்கித் தருகிறார்கள், ஆண்டுதோறும், நிறுத்தாமல். ஒரு வருடம் விட்டால் முந்தைய உழைப்பு வீணாகிவிடும்.

ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையில் சுழலும் உருளைப் பொறி ஒன்றை மிதக்கவிட்டு, நீரோடு இறங்கும் குஞ்சுகளைப் பிடிக்கிறார்கள். 2018-இல் அப்படிக் கிடைத்த வைட்ஃபிஷ் குஞ்சுகள் ஹாலிஃபாக்ஸின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்குள்ள அக்வாட்ரான், கனடாப் பல்கலைக்கழகங்களின் நீர்வாழ் ஆய்வுக் கூடங்களில் மிகப் பெரியது. மரபியலாளர் பால் பென்ட்சன் குழுவினர் அந்த மீன்களைப் பொறுப்பேற்றார்கள். கையில் இருப்பது சில பத்து மீன்கள். அவற்றிலிருந்து ஓர் இனத்தை நடத்த வேண்டும். எதை எதனோடு சேர்ப்பது என்பதை மரபணுவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உடன்பிறந்தவை சேர்ந்தால் ஏற்கெனவே மெலிந்த மரபணு வளம் இன்னும் மெலிந்துவிடும். மீன்கள் முதிர்ந்தன, முட்டையிட்டன, குஞ்சுகள் பிழைத்தன. ஆய்வகத்தில் பிறந்த மீன்களை 2020களின் தொடக்க ஆண்டுகளில் பெட்டீட் ரிவியேர் நீரிலும் விட்டார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். மெர்சியில் 12 ஆண்டு சேர்ந்த அனுபவம் பதிவாகியிருந்ததால்தான் டல்ஹவுசியில் வேலை இவ்வளவு வேகமாக நடந்தது. ஆனால் மெர்சியின் மீன்கள் தொடர்ந்திருந்தால், பிக்கரல் வருவதற்கு முன்பிருந்த கூட்டத்தின் மரபணு வளம் முழுவதும் தொட்டியில் இருந்திருக்கும். இப்போது தொடங்கியது பிக்கரலுக்குத் தப்பியவற்றிலிருந்து. நிலையத்தை மறுபடியும் திறக்கலாம், பணத்தை மறுபடியும் ஒதுக்கலாம். அந்த வேறுபாட்டைத் திரும்ப உண்டாக்க முடியாது.

இனி

இன்றைய நிலையில், வளர்த்த மீன்களை மூன்று ஏரிகளிலேயே திரும்ப விடுவது அவசியம். அங்குள்ள கூட்டம் அற்றுப்போனால் கடலுக்கான வழியும் பயனற்றதாகிவிடும். ஆனால் அது மட்டும் போதாது. பிக்கரல் நிறைந்த நீரில் ஆண்டுதோறும் குஞ்சு கொட்டுவது பிக்கரலுக்குத் தீனி போடுவதாகவும் முடியலாம். கொஞ்சம் வளர்ந்த, பிக்கரலின் வாயில் எளிதில் அடங்காத மீன்களாக விட வேண்டும். அதற்குச் செலவு கூடும்.

இரண்டாவது ஏரிக்கு என்னென்ன வேண்டும் என்பது இப்போது நன்றாகவே தெரியும். பாஸும் பிக்கரலும் இல்லாத ஏரி. அவை கீழிருந்து ஏறிவர முடியாதபடி அருவியோ அணையோ வாயிலில் இருப்பது. கோடையிலும் அடியில் குளிர்ச்சியும் உயிர்வளியும் குறையாத ஆழம். அமிலம் அளவோடு இருப்பது. ஏரி வைட்ஃபிஷ் இல்லாமல் இருப்பது; இருந்தால் கலப்பினம் உண்டாகிவிடலாம். கார் நேராகக் கரைக்கு வந்து நிற்கும் சாலை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. வாளியோடு வருகிறவரைச் சட்டத்தைவிடத் தூரம் நன்றாகத் தடுக்கும். குடிநீருக்காக ஏற்கெனவே வேலியிட்டுக் காவல் போட்டிருக்கும் நீர்த்தேக்கங்களை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஹெப் ஏரியைக் காத்ததும் குடிநீர்தான். ஸ்காட்லாந்தின் கேரன் வேலியும் குடிநீர்த் தேக்கம்தான்.

சொந்த இடத்துக்கு வெளியே ஒரு மீனை விடுவதற்குத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்த ஏரியின் மற்ற உயிர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை ஆராய்ந்துவிட வேண்டும். ஆனால் தயக்கத்திலேயே இன்னொரு பத்து ஆண்டு போய்விடக் கூடாது. மினம்கீக் ஏரி நூறாண்டுக்கு முன் யாரையும் கேட்காமல் இந்த மீனுக்கு இடம் கொடுத்தது.

ஆகவே, ஆய்வகத்தில் பிறக்கும் மீன்களை ஒவ்வொரு ஆண்டும் மூன்று பங்காகப் பிரிக்கலாம். ஒன்று பெட்டீட் ரிவியேர் ஏரிகளுக்கு. ஒன்று புதிய ஏரிக்கு, குறைந்தது பத்து ஆண்டு தொடர்ந்து. ஆண்டர்சன் ஏரியில் நான்கு ஆண்டோடு நிறுத்தியதுபோல் இல்லாமல். மூன்றாவது பங்கு, தொட்டியை விட்டு வெளியே போகாமல், ஒரே கட்டடத்தில் வைக்காமல் இரண்டு நிலையங்களில். இதற்கான பணத்தை ஆண்டு வரவுசெலவின் தயவில் விடாமல், மீன் புதிய ஏரியில் தானாக முட்டையிட்டது உறுதியாகும் வரை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும்.